77 என்னும் எண்ணின் விலை

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 'பியர்ஸ்' என்றொரு தொழில்முறைக் கால்பந்து அணி உண்டு. நாம் அறிந்த கால்பந்தாட்டத்திலிருந்து மாறுபட்டது அமெரிக்கக் கால்பந்து. நீள்வட்ட வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு, எதிரணியினர் மோதித் தடுப்பதையும் மீறி, 100 கெஜ நீளமுள்ள களத்தின் மறுமுனைக்கு ஓடிச் சேர்வது அந்த ஆட்டத்தின் சாரம். ஓர் அணியின் தலைசிறந்த வீரர் விடைபெற்றபின், அவரது சட்டையில் இருந்த எண்ணை இனி எவருக்கும் வழங்குவதில்லை என்று அறிவிப்பது அங்கே ஒரு மரபு. பியர்ஸ் அணி இவ்வாறு 14 எண்களுக்கு ஓய்வளித்திருக்கிறது. அந்நாட்டின் தேசியக் கால்பந்து லீகில் வேறு எந்த அணியும் இத்தனை எண்களை ஒதுக்கி வைத்ததில்லை.

அந்த வரிசையில் 7 என்பது அணியைத் தோற்றுவித்து, அதிலேயே ஆடி, பயிற்சியும் அளித்த ஜார்ஜ் ஹாலஸின் எண். 3 என்பது மலைபோல் மோதிய பிராங்கோ நகுர்ஸ்கியுடையது. 34 என்பது வால்டர் பேட்டனுடையது. 41 என்பது 1970-இல் 26 வயதிலேயே புற்றுநோய்க்குப் பலியான பிரையன் பிக்கோலோவுடையது. ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது. தொழிலாளர் பொருளாதாரத்தை நெடுங்காலம் பாடமாக நடத்தியவன் என்ற முறையில் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது 77 என்னும் எண்ணே. அதை அணிந்திருந்தவர் ஹெரால்டு எட்வர்டு கிரேஞ்ச். செம்பட்டை முடியின் காரணமாக 'ரெட் கிரேஞ்ச்' என்று உலகம் அவரை அழைத்தது.

அவர் 1903-ஆம் ஆண்டு ஜூன் 13 அன்று பென்சில்வேனியா மாநிலத்தில் ஃபோர்க்ஸ்வில் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை மரம் வெட்டும் முகாம்களில் மேற்பார்வையாளராக இருந்தவர். கிரேஞ்சுக்கு ஐந்து வயதானபோது தாய் இறந்துபோனார். குடும்பம் சிகாகோவுக்கு அருகிலுள்ள வீட்டன் நகருக்குக் குடிபெயர்ந்தது. தந்தை அங்கே காவல் துறையில் பணியாற்றினார். வசதி குறைந்த வீடு. குளிர்பதனப் பெட்டி பரவலாகாத அக்காலத்தில், கோடை விடுமுறைகளில் பெரும் பனிக்கட்டிகளைத் தோளில் சுமந்து வீடு வீடாகக் கொண்டுசேர்க்கும் வேலையைச் சிறுவன் கிரேஞ்ச் செய்தார். புகழ் பெற்ற பின்னரும் 'வீட்டன் பனிக்கட்டிக்காரர்' என்ற பட்டப்பெயர் அவரோடு நிலைத்தது.

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது கூடைப்பந்தும் ஓட்டப் பந்தயமும் போதும் என்றே அவர் எண்ணியிருந்தார். விடுதித் தோழர்களின் வற்புறுத்தலால்தான் கால்பந்துத் தேர்வுக்குப் போனார். 77 என்ற எண் கிடைத்ததும் தற்செயலே. சட்டை வாங்க வரிசையில் நின்றபோது முன்னால் நின்றவருக்கு 76 கிடைத்தது. பின்னால் நின்றவருக்கு 78 கிடைத்தது. நடுவில் நின்ற தமக்கு 77 வந்தது என்று பிற்காலத்தில் அவரே எளிமையாக விளக்கினார். பொருளே இல்லாத ஓர் எண்ணுக்கு ஒரு மனிதரின் கால்கள் பெருமதிப்பைத் தேடித் தந்தன. அந்த மதிப்பு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியே கிரேஞ்சின் வாழ்க்கை.

1924 அக்டோபர் 18. முதல் உலகப் போரில் உயிர்நீத்த மாணவர்களின் நினைவாக இல்லினாய் பல்கலைக்கழகம் கட்டிய பிரம்மாண்டமான விளையாட்டரங்கத்தின் அர்ப்பணிப்பு நாள். எதிரே நின்றது நெடுநாள்களாகத் தோல்வியே காணாத மிச்சிகன் அணி. ஆட்டம் தொடங்கியதும் தம்மிடம் வந்த பந்தை ஏந்திக்கொண்டு 95 கெஜ தூரம் ஓடி எல்லையைத் தொட்டார் கிரேஞ்ச். அடுத்து 67 கெஜம், பின்னர் 56 கெஜம், மீண்டும் 44 கெஜம். பந்தைத் தொட்ட முதல் 12 நிமிடங்களுக்குள் நான்கு முறை எல்லையை எட்டிவிட்டார். பிற்பாதியில் ஐந்தாவது முறையும் எட்டினார். இல்லினாய் 39-14 என்ற கணக்கில் வென்றது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதை நேரில் கண்டனர். வானொலியும் நாளிதழும் செய்திப்படமும் அவரை நாடெங்கும் கொண்டு சேர்த்தன. 'பாய்ந்தோடும் பேய்' என்ற பொருளில் ஒரு பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது. அவரோ, தமக்கு முன்னால் ஓடி எதிரிகளைத் தடுத்து வழிவிட்ட ஏர்ல் பிரிட்டன் போன்ற தோழர்களுக்கே பெருமையைப் பகிர்ந்தளித்தார்.

இங்கேதான் பொருளாதாரம் நுழைகிறது. அரங்கம் நிறைந்தது, நுழைவுச்சீட்டுகள் விற்றன, பயிற்சியாளர் ராபர்ட் சுப்கேவுக்குச் சம்பளம் கிடைத்தது, செய்தித்தாள்கள் விற்பனையாயின. களத்தில் இறங்கி அடிபட்டவருக்கு மட்டும் ஊதியம் கிடையாது. கல்லூரி விளையாட்டு என்பது தூய பொழுதுபோக்கு, அதில் காசு கைமாறுவது இழுக்கு என்பது அக்காலத்து அறநெறி. அந்த அறநெறி விளையாடியவரை மட்டுமே கட்டுப்படுத்தியது. விளையாட்டை வைத்து வருவாய் ஈட்டியவர்கள் எவரையும் கட்டுப்படுத்தவில்லை. தேசத்தின் மிகப் புகழ்பெற்ற விளையாட்டு வீரர் கோடையில் வீட்டனுக்குத் திரும்பி மீண்டும் பனிக்கட்டி சுமந்தார்.

சம்பளத்துக்கு விளையாடும் தொழில்முறைக் கால்பந்தோ அன்று மரியாதை குறைந்த தொழில். 1920-இல் ஒஹையோ மாநிலத்தின் கேன்டன் நகரில் தொடங்கப்பட்ட லீகில் அணிகள் தோன்றுவதும் மறைவதுமாக இருந்தன. சாதாரண வீரருக்கு ஓர் ஆட்டத்துக்கு நூறு டாலர் அளவில் கிடைத்தாலே பெரிது. கல்லூரிப் பயிற்சியாளர்கள் அந்த லீகை வெளிப்படையாகவே இகழ்ந்தனர்.

இந்தச் சூழலில் சி.சி. பைல் என்ற திரையரங்க உரிமையாளர் கிரேஞ்சை அணுகினார். விளையாட்டு வீரருக்காகப் பேரம் பேசும் முகவர் என்ற தொழிலுக்கு முன்னோடி எனப் பைலைச் சொல்லலாம். அவர் ஹாலஸோடு நெடிய பேரம் நடத்தினார். நிலையான சம்பளத்துக்குப் பதிலாக நுழைவுச்சீட்டு வருவாயில் பங்கு என்பது ஒப்பந்தத்தின் சாரம். ஓர் உழைப்பாளி கூலி கேட்பதற்கும் வருவாயில் பங்கு கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பொருளியல் மாணவர்கள் அறிவார்கள். கூட்டம் தமக்காகவே வருகிறது என்பதை அறிந்தவரால் மட்டுமே பங்கு கேட்க முடியும்.

1925 நவம்பர் 21 அன்று தமது கடைசிக் கல்லூரி ஆட்டத்தை ஆடி முடித்ததும், தொழில்முறை ஆட்டத்துக்குப் போவதாகக் கிரேஞ்ச் அறிவித்தார். மறுநாளே பியர்ஸ் அணியில் சேர்ந்தார். படிப்பு பாதியில் நின்றது. சுப்கே எவ்வளவோ தடுத்துப் பார்த்தார். கால்பந்தைக் கற்பித்துச் சம்பளம் வாங்குவது தவறில்லை என்றால், கால்பந்தை ஆடிச் சம்பளம் வாங்குவது மட்டும் எப்படித் தவறாகும் என்பது கிரேஞ்சின் வாதம். இருபத்திரண்டு வயது இளைஞரின் அந்த எளிய வாதத்துக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிடம் விடை இல்லை. கோபம் மட்டுமே இருந்தது.

ஐந்தே நாள்களில், நவம்பர் 26 அன்று, சிகாகோவில் அவரது முதல் ஆட்டம் நடந்தது. ஆட்டம் 0-0 எனச் சமனில் முடிந்தாலும் 36,000 பேர் திரண்டனர். பிறகு தொடங்கியது ஊர் ஊரான பயணம். டிசம்பர் 2 முதல் 13 வரையான 12 நாள்களில் எட்டு ஆட்டங்கள். டிசம்பர் 6 அன்று நியூயார்க்கில் 65,000-க்கும் மேற்பட்டோர் கூடினர். நட்டத்தில் மூழ்கிக்கொண்டிருந்த நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் உரிமையாளர் டிம் மாராவை அந்த ஒரு நாள் வசூல் கரையேற்றியது. ஜனவரி இறுதிவரை நீண்ட அப்பயணத்தில் மொத்தம் 67 நாள்களில் 19 ஆட்டங்கள். லாஸ் ஏஞ்சலீஸில் மட்டும் 75,000 பேர் வந்தனர். கிரேஞ்சின் கையில் ஒரு லட்சம் டாலருக்குக் குறையாத தொகை சேர்ந்தது. வாஷிங்டனில் குடியரசுத் தலைவர் கூலிட்ஜிடம் அவரைச் சிகாகோ 'பியர்ஸ்', அதாவது 'கரடிகள்', அணியைச் சேர்ந்தவர் என அறிமுகப்படுத்தியபோது, விலங்குகளின் வித்தைகள் தமக்குப் பிடிக்கும் என்று தலைவர் பதிலளித்ததாக ஒரு வேடிக்கைக் கதையும் உண்டு. தொழில்முறைக் கால்பந்து அன்று எவ்வளவு அறியப்படாதிருந்தது என்பதற்கு அது சான்று.

இந்த வெற்றியை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. இரண்டு நாளுக்கோர் ஆட்டம் என்னும் வேகத்தை எந்த உடலும் தாங்காது. பாஸ்டனில் களைத்துப்போய் ஆடியவரை ரசிகர்கள் ஏளனம் செய்தனர். பிட்ஸ்பர்கில் கையில் அடிபட்டது. டெட்ராயிட்டில் அவரால் களமிறங்க இயலவில்லை. சீட்டு வாங்கியவர்கள் பணத்தைத் திரும்பப் பெற்றுச் சென்றனர். கல்லூரி அவரது உழைப்பை ஊதியமின்றிப் பயன்படுத்தியது. சந்தை ஊதியம் தந்து, உடலை வற்ற வற்றப் பிழிந்தது. இவ்விரண்டுக்கும் நடுவே உழைப்பவரின் நலனைக் காக்கும் அமைப்பு எதுவும் அன்று இல்லை.

1926-இல் பைல் பியர்ஸ் அணியில் உரிமைப் பங்கே கேட்டார். ஹாலஸ் மறுத்தார். நியூயார்க்கில் புதிய அணி தொடங்க லீகிடம் அனுமதி கேட்டபோது, அது தமது எல்லை என்று தடுத்தவர், முந்தைய ஆண்டு கிரேஞ்சால் கரையேறிய அதே டிம் மாரா. பைல் போட்டி லீக் ஒன்றையே தொடங்கினார். ஒன்பது அணிகளோடு தொடங்கிய அது ஒரே பருவத்தில் மூடப்பட்டது. கிரேஞ்சின் நியூயார்க் யாங்கீஸ் அணி 1927-இல் பழைய லீகில் சேர்க்கப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபரில், சிகாகோவில் பியர்ஸ் அணிக்கு எதிராக ஆடும்போதே அவரது முழங்கால் முறுக்கிக்கொண்டது. 1928 முழுவதும் ஆட முடியவில்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் திசை மாற்றி ஓடும் அந்த வித்தை அத்தோடு போயிற்று.

ஆனாலும் அவர் துவண்டுவிடவில்லை. 1929-இல் ஹாலஸ் அவரை மீண்டும் பியர்ஸ் அணியில் சேர்த்துக்கொண்டார். பாய்ந்தோடியவர் இப்போது எதிரணியைத் தடுக்கும் தேர்ந்த காவலரானார். 1932 டிசம்பரில் கடும் பனியால் உள்ளரங்கில் நடந்த பட்ட ஆட்டத்தில், நகுர்ஸ்கி எறிந்த பந்தைப் பிடித்து வெற்றிக்கு வழிவகுத்தார். 1933-இல் பட்டத்துக்கான இறுதி ஆட்டத்தின் கடைசி நொடிகளில், நியூயார்க் வீரரைப் பந்தோடு சேர்த்து இறுகப் பற்றி, அவர் பந்தைத் தோழருக்குத் தள்ளிவிடாமல் தடுத்தார். பியர்ஸ் 23-21 என வென்றது. புகழின் உச்சியிலிருந்து இறங்கியபின், அணியில் ஒருவராகக் கடமையாற்றிய இந்த ஆறு ஆண்டுகளே அவரது குணத்தை நமக்குக் காட்டுகின்றன எனக் கருதுகிறேன்.

1934-ஆம் ஆண்டுப் பருவத்தோடு ஓய்வுபெற்ற அவர், பின்னர் காப்பீட்டுத் தொழில் செய்தார். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஆட்ட வருணனையாளராகப் பணியாற்றினார். 1963-இல் கேன்டனில் திறக்கப்பட்ட புகழ் மண்டபத்தில் முதல் அணியிலேயே இடம்பெற்றார். 1991 ஜனவரி 28 அன்று ஃபுளோரிடாவில் தமது 87-ஆவது வயதில் மறைந்தார். அவரது 77 என்ற எண்ணுக்கு இல்லினாய் பல்கலைக்கழகமும் ஓய்வளித்தது. பியர்ஸ் அணியும் ஓய்வளித்தது.

எண்ணுக்குச் செய்த மரியாதையை, அந்த எண்ணை அணிந்தவர் எழுப்பிய கேள்விக்கு எவரும் செய்யவில்லை. கிரேஞ்ச் வெளியேறியதும் கல்லூரிகளின் சினத்தைத் தணிக்க, உடன் பயில்பவர்கள் பட்டம் பெறும்வரை எந்த மாணவரையும் சேர்ப்பதில்லை என்று 1926-இல் லீக் விதி செய்தது. அவர் திறந்த கதவு அவருக்குப் பின்னால் உடனே சாத்தப்பட்டது. 1936 முதல் கல்லூரி வீரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு வந்தது. தேர்ந்தெடுத்த அணி ஒன்றோடு மட்டுமே அந்த வீரர் பேரம் பேச முடியும். வாங்குபவர் ஒருவரே என்னும் சந்தையில் விற்பவரின் நிலை என்னவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை. அந்த ஏற்பாட்டில் முதலாவதாகத் தேர்வான ஜே பெர்வாங்கருக்கான உரிமை பியர்ஸ் அணிக்கே வந்தது. ஹாலஸோடு சம்பளம் ஒத்துவராததால், அவர் அந்த லீகில் ஓர் ஆட்டம்கூட ஆடாமலே வேறு வேலைக்குப் போய்விட்டார்.

கல்லூரி விளையாட்டோ பல்லாண்டுகளில் பெருந்தொழிலாக வளர்ந்தது. தொலைக்காட்சி உரிமை பெருந்தொகைக்கு விற்றது. பயிற்சியாளர்களின் சம்பளம் உயர்ந்தது. வீரருக்குக் கல்வி உதவித்தொகைக்கு மேல் ஏதும் தரக்கூடாது என்பது மட்டும் மாறவில்லை. 2021-இல்தான் அமெரிக்க உச்சநீதிமன்றம், வீரர்களுக்கான கல்வி சார்ந்த சலுகைகளுக்கு வரம்பு கட்டியது சந்தைப் போட்டிச் சட்டத்துக்கு முரணானது என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில், தமது பெயரையும் உருவத்தையும் வைத்து வருவாய் ஈட்டும் உரிமை மாணவ வீரர்களுக்குக் கிடைத்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகங்கள் தம் வருவாயில் ஒரு பங்கை வீரர்களுக்கு நேரடியாகவே தரலாம். முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கான உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். 1925 நவம்பரில் கிரேஞ்ச் எழுப்பிய கேள்விக்கு விடை வர ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின.

ஒரு துறையில் ஈட்டப்படும் செல்வத்தில், அதை ஈட்டும் உழைப்பாளிக்கு என்ன பங்கு என்பதே பொருளியலின் மிகப் பழைய கேள்வி. தூய்மை, தொண்டு, பெருமை போன்ற உயர்ந்த சொற்களைச் சொல்லி அந்தக் கேள்வியைத் தள்ளிப்போடுவது எளிது. அச்சொற்கள் யாருக்கு மட்டும் பொருந்தும்படி சொல்லப்படுகின்றன என்று பார்த்தால் உண்மை புலப்படும். சிலை வைப்பதும் எண்ணுக்கு ஓய்வளிப்பதும் நல்ல மரபுகளே. ஆனால் மரியாதை என்பது ஊதியத்துக்கு மாற்றாகாது. ஓடும் கால்கள் வலுவோடு இருக்கும்போதே அவற்றுக்குரிய பங்கு அளிக்கப்பட வேண்டும்.