சோர்ந்துபோகாத செபம்: புனித யோசேப் வாஸ் அடிகளார்



நம் பொன்விழா மலருக்கு ஒரு புனிதரின் வரலாற்றை எழுதித் தர வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, யாரைப் பற்றி எழுதுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. காலைத் திருப்பலி முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு சாமியார் வீட்டுத் திண்ணையில் எனக்காகக் காத்திருப்பவர்களே அதை முடிவு செய்துவிட்டார்கள். குடியை விடாத கணவனுக்காக ஒன்பது நாள் செபத்தை ஒன்பது ஆண்டுகளாகச் சொல்லிவரும் மனைவி, மகளுக்கு நல்ல இடம் அமையவில்லையே என்று ஏங்கும் தந்தை, ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக்கு நடந்து போய் வந்தும் மடி நிறையாத சகோதரி, இவர்கள் எல்லோரும் வெவ்வேறு வார்த்தைகளில் கேட்பது ஒன்றுதான். இன்னும் எத்தனை காலம் மன்றாடுவது? கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்க் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்ட சிலரும் நம் பங்கில் உண்டு. அவர்கள் வழக்கமாக அமரும் இடம் காலியாக இருப்பது பீடத்தில் நிற்கும் எனக்கு நன்றாகத் தெரிகிறது.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. என் உடன்பிறந்த அண்ணன் கோயிலையும் குடும்பத்தையும் விட்டு விலகி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. திருப்பலியில் அவரை நினையாத நாள் இல்லை. இன்றுவரை அவர் திரும்பி வரவில்லை. ஆகவே காத்திருப்பின் பாரம் தெரியாதவனாக இதை எழுதவில்லை. அந்தப் பாரத்தைச் சுமந்து நடந்த ஒருவரின் வரலாற்றை உங்களோடு சேர்ந்து நானும் படிக்க விரும்புகிறேன்.

நம் கடற்கரையிலிருந்தே தொடங்குவோம். கடலூருக்கு அருகே தேவனாம்பட்டினத்திலும், சிதம்பரம் போகும் வழியில் பரங்கிப்பேட்டையிலும் 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தக் கம்பெனியார் பண்டகசாலை வைத்து வாணிபம் செய்தார்கள். இங்கே வியாபாரிகளாக இருந்த அதே கம்பெனியார், கடலுக்கு அப்பால் இலங்கையின் கரையோரப் பகுதிகளில் ஆட்சியாளர்கள் ஆனார்கள். 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினார்கள். கல்வீன் கொள்கையைப் பின்பற்றிய அவர்கள், கத்தோலிக்கக் குருக்களை நாட்டைவிட்டு வெளியேற்றினார்கள். குருவுக்கு வீட்டில் இடம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றம் என்று கட்டளை பிறந்தது. கோயில்கள் பறிபோயின.

யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கத்தோலிக்கர்களின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். திருப்பலி இல்லை. பாவசங்கீர்த்தனம் கேட்க ஆள் இல்லை. சாகக் கிடப்பவருக்கு நோயில்பூசுதல் இல்லை. ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு அல்ல, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இப்படியே கழிந்தன. 1658இல் கைக்குழந்தையாக இருந்தவர், குருவானவர் ஒருவரைக் கண்ணால் காணாமலேயே வளர்ந்து, மணமுடித்து, பிள்ளைகளும் பெற்றிருப்பார். பலர் பயத்தால் ஆட்சியாளரின் சபைக்குப் போனார்கள். ஆனால் வீட்டுக் கதவை அடைத்துக்கொண்டு செபமாலை சொன்ன குடும்பங்களும் இருந்தன.

அவர்களுடைய மன்றாட்டுக்குப் பதிலாக வரவேண்டியவர், அந்த மக்களில் யாரும் கேள்விப்பட்டிராத ஓர் ஊரில் அப்போது குழந்தையாக இருந்தார். கோவாவில் பெனாவுலிம் என்னும் ஊரில் 1651 ஏப்ரல் 21ஆம் நாள் யோசேப் வாஸ் பிறந்தார். யாழ்ப்பாணம் வீழ்ந்தபோது அவருக்கு வயது ஏழு. பிற்காலத்தில் யாழ்ப்பாணத்து மக்களுக்குக் குருவாகப் போகிற சிறுவனை, அவர்களுடைய துன்பம் தொடங்குமுன்பே இறைவன் உலகத்துக்குக் கொடுத்துவிட்டார். இதை அவர்கள் அறியவில்லை. நம் மன்றாட்டுகளிலும் நாம் அறியாதது எவ்வளவோ இருக்கலாம் அல்லவா?

யோசேப் வாஸ் கொங்கணிக் குடும்பத்தில் பிறந்த இந்தியர். கோவாவில் இயேசு சபையாரின் தூய பவுல் கல்லூரியில் பயின்று, 1676இல் குருப்பட்டம் பெற்றார். மறுஆண்டில் தம்மை அன்னை மரியாளின் அடிமையாக எழுதிக் கொடுத்து ஒப்படைத்துக்கொண்டார். இலங்கைக் கத்தோலிக்கர்கள் மேய்ப்பர் இல்லாமல் தவிக்கும் செய்தி அவர் காதுக்கு எட்டியது. அங்கே போக வேண்டும் என்று விரும்பி, மேலதிகாரிகளிடம் தம்மைக் கையளித்தார். ஆனால் 1681இல் அவர்கள் அவரை அனுப்பியது இலங்கைக்கு அல்ல, கனரா நாட்டுக்கு. அங்கே யார் அதிகாரம் செல்லும் என்று திருச்சபைக்குள்ளேயே வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஆன்மாக்களைத் தேடிப் போக விரும்பியவர் அதிகாரச் சண்டைக்கு நடுவே நிறுத்தப்பட்டார். அவர் முணுமுணுக்கவில்லை. அங்கே கோயில்களைச் சீர்படுத்தினார், பள்ளிகள் திறந்தார், சிதறிய மக்களைச் சேர்த்தார். 1684இல் கோவாவுக்குத் திரும்பினார். 1685இல் குருக்கள் சிலர் சேர்ந்து வாழத் தொடங்கிய ஒரு குழுவில் இணைந்தார். அதுவே பின்பு கோவாவின் ஒரத்தோரியன் சபையாயிற்று. அவரையே தலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள். கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று. ஆனால் பிற்காலத்தில் இலங்கைக்குக் குருக்களை அனுப்பி வைத்தது அந்தச் சபைதான். தாமதம் என்று தோன்றிய அந்த ஆண்டுகள் வீணாகப் போகவில்லை.

1686இல் தலைமைப் பொறுப்பை விட்டுப் புறப்பட அனுமதி கிடைத்தது. மேற்குக் கரையோரமாக நெடுந்தூரம் பயணம் செய்து தூத்துக்குடியை அடைந்தார். அங்கும் ஒல்லாந்தரின் காவல் இருந்ததால் குருவுக்குரிய அங்கியைக் களைந்து, கூலியாளின் உடையை அணிந்தார். ஜான் என்னும் ஊழியர் ஒருவர் மட்டும் உடன் வர, 1687இல் கடலைக் கடந்து யாழ்ப்பாணத்தில் கரையேறினார். கரையேறிய கையோடு கடுமையான வயிற்றுக்கடுப்பு அவரைக் கீழே தள்ளியது. நோய் பரவும் என்று அஞ்சி ஊரார் ஒதுக்கினார்கள். இரக்கமுள்ளவர்கள் கொடுத்த கஞ்சிதான் உயிரைப் பிடித்து வைத்தது. முப்பது ஆண்டு மன்றாட்டுக்குப் பதில் ஒரு நோயாளிப் பிச்சைக்காரன் உருவத்தில் வந்து கிடந்தது. அதை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

உடல் தேறியதும் அவர் ஓர் உபாயம் செய்தார். கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். செபமாலையைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று கவனித்தார். அப்படித்தான் மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கக் குடும்பங்களைக் கண்டுபிடித்தார். இவர் குருவானவர் என்று தெரிந்தபோது அந்த வீடுகளில் எத்தகைய கண்ணீர் பெருகியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பின்பு சில்லாலைக் கிராமத்தை இருப்பிடமாகக் கொண்டு, இரவு நேரங்களில் ஊர் ஊராகச் சென்று திருப்பலி நிறைவேற்றினார். ஒல்லாந்தர் தேடத் தொடங்கினர். கத்தோலிக்கர் பலர் பிடிபட்டு வதைக்கப்பட்டனர். 1690இல் அவர் யாழ்ப்பாணத்தை விட்டுக் கண்டி அரசின் எல்லைக்குட்பட்ட புத்தளத்துக்குப் போக வேண்டியதாயிற்று.

1692இல் கண்டி நகருக்குள் நுழைந்தார். போர்த்துக்கீசிய ஒற்றன் என்று யாரோ சொன்ன கோளை நம்பி, அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சிறையில் அடைத்தான். அந்நகரில் குருவைக் காணாமல் தவித்த கத்தோலிக்கர் இருந்தும் அவரை அணுக முடியவில்லை. அவர்களுக்காகவே வந்தவர், அவர்களுக்கு அருகிலேயே இருந்தும் பயன்படாமல் கிடந்தார். இப்படிப்பட்ட நேரத்தில் இறைவன் ஏன் வாளாவிருக்கிறார் என்று நாமாக இருந்தால் கேட்டிருப்போம். அடிகளார் சிறையிலேயே சிங்கள மொழியைக் கற்றுக்கொண்டார். செப நேரங்களைத் தவறாமல் கடைப்பிடித்தார். காவல் தளர்ந்தபோது குடிசை போட்டுப் பீடம் அமைத்துத் திருப்பலி நிறைவேற்றினார். மக்கள் மெல்ல மெல்ல அந்தக் குடிசையைத் தேடி வந்தார்கள்.

அதன் பிறகு கண்டியில் கொடிய வறட்சி வந்தது. அரசன் அடிகளாரிடம் மழைக்காக மன்றாடும்படி கேட்டான். வெட்டவெளியில் பீடம் அமைத்து, சிலுவையை நாட்டி, முழந்தாளில் நின்று செபித்தார். மழை கொட்டியது என்றும், பீடமும் அவரும் மட்டும் நனையவில்லை என்றும் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அரசன் அவருக்குத் தன் நாடெங்கும் சென்று போதிக்கும் உரிமையைக் கொடுத்தான்.

அன்பானவர்களே, இந்த மழைப் புதுமையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். படங்களிலும் வரைகிறார்கள். வீராணம் ஏரியை நம்பி விதைக்கும் நமக்கு மழையின் அருமை தெரியும். வானம் பார்த்து நிற்பது என்ன என்றும் தெரியும். ஆனால் நான் உங்கள் கவனத்தைத் திருப்ப விரும்புவது அந்த ஒரு நாளுக்கு அல்ல. அன்று ஒரே செபத்துக்கு வானம் திறந்தது. அதே மனிதர், அதே இறைவனிடம், அறுவடைக்கு ஆட்கள் வேண்டும் என்று கேட்டதற்கு எவ்வளவு காலம் ஆயிற்று? இலங்கையில் கால் வைத்த நாள் முதல் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் அவர் தனி ஒரு குருவாகவே உழைத்தார். 1690களின் பிற்பகுதியில்தான் கோவாவிலிருந்து சக குருக்கள் வந்து சேர்ந்தார்கள். மழை உடனே வந்தது, ஆட்கள் பத்து ஆண்டு கழித்து வந்தார்கள். மழை கேட்ட நாளில் அவருடைய விசுவாசம் மிகுந்திருந்தது, மற்ற நாள்களில் குறைந்திருந்தது என்று யாராவது சொல்ல முடியுமா? பதில் தாமதிப்பது நம் விசுவாசக் குறைவுக்கு அடையாளம் என்று சொல்லி நொந்த மனத்தை மேலும் நோகடிப்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. சொந்தக்காரர்களே நோயாளிகளைக் கைவிட்டு ஓடினார்கள். அடிகளாரும் அவருடைய துணைக்குருவான யோசேப் கர்வாலோவும் நோயாளிகளைக் கழுவி, உணவூட்டி, இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். கத்தோலிக்கர், பௌத்தர் என்று பிரித்துப் பார்க்கவில்லை. 1705இல் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் வந்து, சிங்களத்திலும் தமிழிலும் மறை நூல்களை எழுதும் பணியைத் தொடங்கினார். குரு இல்லாத ஊர்களில் பொதுநிலையினரே மக்களைக் கூட்டிச் செபம் நடத்தும் ஒழுங்கு வேரூன்றியது. நம் பங்கு கிளைக் கிராமமாக இருந்த நாள்களில் உபதேசியாரும் கோயில்பிள்ளையும் மாலைச் செபத்தை அணையாமல் காத்தார்களே, அதைப் போலத்தான். அவர்கள் விளக்கேற்றி வைத்திராவிட்டால் இன்று நமக்குப் பொன்விழா ஏது?

1711 ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் அடிகளார் ஆண்டவரில் துயில்கொண்டார். அப்போது அவருக்கு வயது 59. பிறந்த ஊரை அவர் மறுபடியும் காணவில்லை. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர்களுக்கு விடுதலை கிடைப்பதையும் அவர் காணவில்லை. ஒல்லாந்தர் ஆட்சி 1796இல் முடிந்து, ஆங்கிலேயர் 1806இல்தான் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கினார்கள். 1658இல் தொடங்கிய மன்றாட்டுக்கு முழுமையான பதில் வர 148 ஆண்டுகள் ஆயின. கேட்டவர்களின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் அதைப் பெற்றுக்கொண்டார்கள். அடிகளாரின் கல்லறை இருந்த இடம்கூட இன்று தெரியவில்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995 ஜனவரி 21இல் கொழும்பில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரி 14இல் அதே கொழும்பில் அவரைப் புனிதராக உயர்த்தினார். அவர் இறந்து ஏறத்தாழ 304 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்த வாழ்க்கையிலிருந்து நாம் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டியது என்ன? பதில் வரும்வரை அவர் கைகட்டி நிற்கவில்லை. கனராவுக்கு அனுப்பினால் அங்கே உழைத்தார், சிறையில் போட்டால் மொழி கற்றார். கேட்டதை விடவுமில்லை, கிடைத்த வேலையை வெறுக்கவுமில்லை. அடுத்தது, அவர் செபத்தைத் தனிச் சொத்தாக வைத்துக்கொள்ளவில்லை. குடும்பம் குடும்பமாக, ஊர் ஊராகச் செபிக்கப் பழக்கினார். ஒருவர் சோர்ந்தால் மற்றவர் தாங்குவார். கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்ட நம் சகோதர சகோதரிகளுக்கு நாம் செய்யவேண்டியதும் இதுவே. ஏன் வரவில்லை என்று அதட்டுவதை விட்டுவிட்டு, மாலையில் அவர்கள் வீட்டுக்குப் போய், அவர்களுடைய கருத்துக்காக ஒரு செபமாலை சொல்லுங்கள். அவர்களால் சொல்ல முடியாதபோது நாம் சொல்வோம்.

எல்லா மன்றாட்டுக்கும் நாம் கேட்ட வடிவத்திலேயே பதில் வரும் என்று உங்களுக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது. தம் ஒரே மகன் கெத்சமனித் தோட்டத்தில் வியர்வை சிந்திக் கேட்ட பாத்திரத்தையே தந்தை அகற்றவில்லை. ஆனால் அந்தத் தோட்டத்திலும் அவர் மகனைக் கைவிடவில்லை, கல்லறையில் அவரை விட்டுவிடவுமில்லை. நம்மையும் விடமாட்டார். இந்த நம்பிக்கையோடுதான் நாளைக் காலைத் திருப்பலியிலும் என் அண்ணனின் பெயரைச் சொல்வேன். திண்ணையில் காத்திருக்கும் உங்கள் கருத்துகளையும் அதே பீடத்தில் வைப்பேன்.

அடுத்த ஐம்பது ஆண்டுகளில் நம் பிள்ளைகள் பெறப்போகும் வரங்களுக்காக இன்றே மன்றாடத் தொடங்குவோம். புனித யோசேப் வாஸ் அடிகளாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

உங்கள் அன்புள்ள
பங்குத்தந்தை