அந்தரங்கத்துக்கு அரண் அமைத்த அறிஞர்

வயலுக்கு வரப்பு உண்டு. வீட்டுக்கு வேலி உண்டு. பணப்பெட்டிக்குப் பூட்டு உண்டு. ஒரு மனிதனின் முகத்துக்கும், அவன் எழுதும் கடிதத்துக்கும், அவன் பேசும் பேச்சுக்கும் காவல் எது? இக்கேள்வியைச் சட்ட உலகின் முன் துணிந்து வைத்தவர் அமெரிக்க நீதியரசர் லூயிஸ் பிராண்டைஸ். வணிகவியல் பயிலும் நான், வாடிக்கையாளரின் விவரங்களைக் காப்பது வணிகரின் கடமை என்னும் கருத்தின் வேரைத் தேடியபோது, இப்பெருமகனாரின் வரலாற்றில் போய் நின்றேன். நான் அறிந்தவற்றை நண்பர்கள் முன் வைக்கிறேன்.

பிராண்டைஸ் 1856ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் பிறந்தார். பிராகா நகரிலிருந்து குடியேறிய யூதக் குடும்பம் அவருடையது. தந்தையார் தானிய வணிகர். ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் பயிலும்போது அவருக்குக் கண்பார்வை மங்கிற்று. உடன் பயின்றோர் பாடங்களைப் படித்துச் சொல்ல, செவிவழியாகவே கற்று, 1877இல் தம் வகுப்பின் முதல் மாணவராகத் தேறினார். 1879இல் வகுப்புத் தோழர் சாமுவேல் வாரனுடன் சேர்ந்து பாஸ்டன் நகரில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார்.

அக்காலத்தில் 1888இல் வெளிவந்த கோடக் கேமரா, படம் பிடிப்பதை எவருக்கும் எளிதாக்கியது. செய்தித்தாள்களோ பிறர் வீட்டு விருந்தையும் வம்பையும் அச்சிட்டு விற்றுக் காசாக்கின. இதனைக் கண்டு மனம் நொந்த நண்பர் இருவரும் 1890 டிசம்பரில் ஹார்வர்டு சட்ட இதழில் அந்தரங்க உரிமை பற்றி ஒரு கட்டுரை எழுதினர். விக்டோரியா அரசியாரும் அவர் கணவரும் தம் பொழுதுபோக்குக்காக வரைந்த ஓவியங்களைப் பற்றிப் பிறர் வெளியிடலாகாது என்று 1849இல் இங்கிலாந்து நீதிமன்றம் தடுத்ததைச் சான்று காட்டினர். பொருளைத் திருடுவது மட்டுமே குற்றமன்று. ஒருவர் வெளியிட விரும்பாததை வெளியிடுவதும் தீங்கே என்பது அவர்கள் வாதம்.

இவ்வாதத்துக்கு விரைவிலேயே சோதனை வந்தது. நியூயார்க் மாநிலத்தில் ஓர் இளம்பெண்ணின் படத்தை, அவள் இசைவின்றியே, மாவு விளம்பரத்துக்காக 25,000 படிகள் அச்சிட்டுப் பரப்பினர். நாணத்தால் குன்றிய அப்பெண் வழக்குத் தொடுத்தாள். அத்தகைய உரிமை சட்டத்தில் இல்லையென்று 1902இல் நீதிமன்றம் கைவிரித்தது. மக்கள் கொதித்தெழுந்தனர். மறு ஆண்டே, எழுத்து மூலமான இசைவின்றி ஒருவரின் பெயரையோ படத்தையோ வணிகத்துக்குப் பயன்படுத்தலாகாது என்று அம்மாநிலச் சட்டமன்றம் சட்டம் செய்தது. வணிகத்தில் இசைவு என்னும் சொல் பெற்ற முதல் வெற்றிகளுள் இது ஒன்று.

பிராண்டைஸ் அந்தரங்கம் பேசியதோடு நின்றாரில்லை. பொதுநல வழக்குகளுக்குக் கூலி பெறாது வாதாடி, மக்கள் வழக்கறிஞர் என்னும் பெயர் பெற்றார். 1914இல் வெளிவந்த தம் நூலில், வங்கி அதிபர்கள் பிறர் பணத்தைக் கொண்டே பெருந்தொழில்களை ஆட்டிவைப்பதை அம்பலப்படுத்தி, அவர்கள் பெறும் தரகை வெளிப்படையாக அறிவிக்க வேண்டுமென்றார். தனிமனிதனுக்குத் திரை வேண்டும் என்றவரே பெருநிறுவனங்களின் திரையை விலக்கச் சொல்கிறாரே, இது முரண் அன்றோ எனச் சிலர் வினவலாம். முரண் அன்று என்பதே என் துணிபு. எளியவனின் மறைவு அவனுக்குக் காவல். வலியவனின் மறைவோ பிறர்க்குக் கேடு.

1916இல் அதிபர் வில்சன் அவரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார். கடும் எதிர்ப்பைக் கடந்து, அம்மன்றத்தின் முதல் யூத நீதியரசரானார். 1928இல் சியாட்டில் நகரத்துக் கள்ளச்சாராய வழக்கு வந்தது. காவலர் மாதக் கணக்கில் தொலைபேசிக் கம்பியில் ஒட்டுக்கேட்டு, 775 தட்டச்சுப் பக்கங்கள் குறிப்பெடுத்திருந்தனர். வீட்டுக்குள் நுழையவில்லையாதலின் உரிமை மீறப்படவில்லை என்றனர் ஐவர். மறுத்தெழுதிய நால்வருள் பிராண்டைஸ் ஒருவர். மேசைக்குள் இருக்கும் தாளை எடுக்காமலேயே அதிலுள்ளதை அறியும் வழியை விஞ்ஞானம் ஒருநாள் தரக்கூடும் என்று அன்றே எச்சரித்தார். 1939இல் ஓய்வு பெற்று, 1941 அக்டோபர் 5ஆம் நாள் மறைந்தார். 1967இல் அதே மன்றம் பழைய தீர்ப்பைக் கைவிட்டு அவர் வழிக்கு வந்தது.

அவர் ஏற்றிய விளக்கு நம் நாட்டுக்கும் ஒளி தந்தது. 1994இல் தமிழ்நாட்டு வார இதழான நக்கீரன் தொடுத்த வழக்கில், அந்தரங்கம் வாழ்வுரிமையில் அடங்கும் என்று நம் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே வேளையில், அதிகாரிகள் தம்மைப் பற்றிய எழுத்தை முன்கூட்டியே தடுக்க இயலாது என்றும் கூறியது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றனர். 1890ஆம் ஆண்டுக் கட்டுரை அத்தீர்ப்பிலும் பேசப்பட்டது. 2023இல் பாராளுமன்றம் மின்னணுத் தனிநபர் தகவல் காப்புச் சட்டத்தை இயற்றியது. தக்க பாதுகாப்புச் செய்யத் தவறி, தகவல் கசிய விடும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க அது வகை செய்கிறது. கசிவு நேர்ந்தால் உரியவருக்கு அறிவிக்கவும் பணிக்கிறது. தகவலைப் பெறும் நிறுவனத்தை அச்சட்டம் உடைமையாளர் என அழைக்கவில்லை; நம்பி ஒப்படைக்கப்பட்ட பொறுப்பாளர் எனப் பொருள்படும் சொல்லாலேயே அழைக்கிறது.

துணிக்கடையில் பில் போடுமுன் கைப்பேசி எண்ணைக் கேட்கிறார்கள். நாமும் தயங்காது சொல்லிவிடுகிறோம். அந்த எண் கடைக்காரரின் சரக்கு அன்று. அவரிடம் இருக்கும் பிறர் பொருள். அடகுக்கு வந்த நகையை அணிந்து திரியும் வணிகரை ஊர் மதிக்குமா? நண்பர்களே! நாளை நம்மில் பலர் கடை நடத்துவோம், கணக்கெழுதுவோம், வங்கியில் அமர்வோம். எதற்காகப் பெற்றோமோ அதற்கு மட்டுமே பயன்படுத்துவோம். தேவை தீர்ந்ததும் அழித்துவிடுவோம். தண்டத்துக்கு அஞ்சி அன்று, நாணயத்தைப் போற்றி அவ்வாறு செய்வோமாயின், அதுவே அவ்வறிஞருக்கு நாம் செலுத்தும் உண்மையான வணக்கமாகும்.