உயிர்ச்சத்தில் மருந்து கண்டவர்

தென்சென்னையின் அடையாற்றில் 1954ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற புற்றுநோய் நிலையத்தில், குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு வழங்கப்படும் மருந்துகளுள் ஒன்று மெத்தோட்ரெக்சேட். இம்மருந்து தோன்றிய ஆய்வுக்கூடத்திற்குத் தலைமையேற்றவர், சென்னையிலேயே மருத்துவம் பயின்ற எல்லாப்பிரகத சுப்பாராவ்.

அவர் 1895ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்தார். வறுமைக்கிடையே மூன்றாம் முயற்சியில் மெட்ரிகுலேசன் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் காந்தியடிகளின் வழிநின்று கதர் உடுத்தினார். அதனால் பேராசிரியர் ஒருவரின் சினத்திற்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்தை இழந்து எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார். ஸ்ப்ரூ என்னும் குடல்நோய் அவருடைய உடன்பிறந்தார் இருவரின் உயிரைப் பறித்தது. அவரும் அந்நோயுற்று, ஆயுர்வேத மருத்துவத்தால் மீண்டார். அந்நோய்க்கு மருந்து காணும் வேட்கை அவர் நெஞ்சில் நிலைத்தது.

மாமனாரின் பொருளுதவியால் அமெரிக்கா சென்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தார். உயிரணுக்களின் ஆற்றலுக்கு அடிப்படையான ஏ.டி.பி. என்னும் பொருளை 1929இல் பிஸ்கேவுடன் இணைந்து வெளிப்படுத்தினார். 1940இல் லெடர்லி ஆய்வுக்கூடத்தை அடைந்தார். அங்கு அவருடைய குழு 1945இல் போலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. ஸ்ப்ரூ நோயைத் தணிக்கும் உயிர்ச்சத்து அதுவே.

ஆனால், குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு அதனை அளித்தபோது நோய் விரைந்து பெருகுவதைப் பாஸ்டன் மருத்துவர் சிட்னி பார்பர் கண்டார். உயிரணுக்கள் பெருகப் போலிக் அமிலம் தேவை; புற்றணுக்களுக்கும் அது தேவை. எனவே, சுப்பாராவின் குழுவினர் அம்மூலக்கூற்றின் அமைப்பைச் சிறிதே மாற்றி அமினோப்டெரினை ஆக்கினர். போலிக் அமிலத்தைப் பயன்நிலைக்கு மாற்றும் நொதி ஒரு புரதம். உருவொத்த இச்சிறு மூலக்கூறு, பூட்டினுள் சிக்கிய பொய்ச்சாவிபோல் அப்புரதத்தில் பொருந்தி அதன் செயலை முடக்குகிறது. இவ்வியக்கம் பின்னாளிலேயே தெளிவாயிற்று.

பார்பர் 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் அளித்தார். பத்துக் குழந்தைகளிடம் நோய் தணிந்தது. அத்தணிவு நிலைக்கவில்லை எனினும், மருந்தால் இந்நோயை எதிர்க்கலாம் என்னும் நம்பிக்கை பிறந்தது. 1948 சூனில் இம்முடிவு வெளியாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில், தம் 53ஆம் அகவையில், தாயகம் திரும்பாமலேயே சுப்பாராவ் மறைந்தார். அமினோப்டெரினின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட் அதன் இடத்தைப் பெற்றது. அவர் பயின்ற நகரிலும் அது குழந்தைகளின் உயிர்காக்கத் துணைநிற்கிறது.