எல்லை தாண்டிப் புறப்பட்டு வீடு திரும்பாத ஐநா தலைவர்

1961ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் தேதி மாலை கொங்கோவின் தலைநகர் லியோபோல்ட்வில்லில் இருந்து ஒரு விமானம் புறப்பட்டது. ஐக்கிய நாடுகள் நிறுவனத்தின் தலைமைச் செயலாளர் டாக் ஹாமர்ஷோல்ட் அதில் இருந்தார். எல்லைக்கு அப்பால், இன்றைய சாம்பியாவில் உள்ள இண்டோலா நகரில், பிரிவினைத் தலைவர் மோயிஸ் சோம்பேயைச் சந்தித்துப் போர்நிறுத்தம் பேசுவது அவருடைய நோக்கம். நள்ளிரவுக்குப் பின் இண்டோலா அருகே காட்டில் விமானம் விழுந்தது. அதில் சென்ற 16 பேரில் ஒருவர்கூட உயிர் பிழைக்கவில்லை.

ஹாமர்ஷோல்ட் 1905இல் சுவீடனில் பிறந்தார். தந்தை அந்நாட்டின் பிரதமராக இருந்தவர். பொருளியலில் முனைவர் பட்டம் பெற்ற மகன், அரசுப் பணியில் உயர்ந்து 1953இல் ஐநா தலைமைச் செயலாளர் ஆனார். அதிகம் பேசாத அதிகாரி, வல்லரசுகளுக்குத் தலைவலி தரமாட்டார் என்றே பலரும் எண்ணினர். அந்தக் கணிப்பு பொய்த்தது. 1955இல் அவரே பெய்ஜிங் சென்று சூ என்லாயுடன் பேசினார். சீனா பிடித்து வைத்திருந்த அமெரிக்க விமானப்படையினர் அதன் பிறகு விடுதலையாயினர். 1956இல் சூயஸ் நெருக்கடியின்போது ஐநாவின் முதல் ஆயுதமேந்திய அமைதிப் படையைச் சில நாள்களில் திரட்டினார்.

ஆனால் அவரை உண்மையிலேயே சோதித்தது கொங்கோ. 1960 ஜூன் 30இல் பெல்ஜியத்திடமிருந்து விடுதலை பெற்ற அந்நாடு, இரண்டே வாரத்தில் சிதறத் தொடங்கியது. இராணுவத்தில் கலகம் மூண்டது. செம்பு விளையும் கத்தாங்கா மாநிலம் தனிநாடு என்று சோம்பே அறிவித்தார். அவருக்கு பெல்ஜிய அதிகாரிகளும் கூலிப்படையினரும் துணை நின்றனர். எல்லையின் மறுபக்கம் இருந்த ரொடீசியாவின் வெள்ளையர் அரசும் கத்தாங்காவின் பக்கம் சாய்ந்திருந்தது.

ஹாமர்ஷோல்ட் வல்லரசுகளின் படைகளை அழைக்கவில்லை. கானா, எத்தியோப்பியா, துனிசியா, மொரோக்கோ, கினி போன்ற ஆப்பிரிக்க நாடுகளிடமே முதலில் வீரர்களைக் கேட்டார். பக்கத்து வீட்டுத் தீயை அணைக்க அக்கம்பக்கத்தார்தான் முதலில் வரவேண்டும் என்பதுபோன்ற அணுகுமுறை அது. அயர்லாந்து, சுவீடன், இந்தியா ஆகியவையும் சேர்ந்தன. அவசரகாலம் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்த மலாயாவும் அதே ஆண்டின் பிற்பகுதியில் தன் வீரர்களை அனுப்பியது. நம் நாட்டின் அமைதிகாப்புப் பணி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

படை திரண்டாலும் அதைப் பயன்படுத்தும் அதிகாரம் குறைவாகவே இருந்தது. உள்நாட்டுச் சண்டையில் எந்தப் பக்கமும் சாயக்கூடாது, தற்காப்புக்கு மட்டுமே சுடலாம் என்பது விதி. கத்தாங்காவை ஐநா படை அடக்க வேண்டும் என்று கேட்ட பிரதமர் லுமும்பா ஏமாற்றம் அடைந்தார். 1961 ஜனவரியில் அவர் கத்தாங்காவில் கொல்லப்பட்டபோது, ஐநா அவரைக் காக்கத் தவறியது என்ற பழி ஹாமர்ஷோல்ட் மீது விழுந்தது. சோவியத் யூனியன் அவர் பதவி விலக வேண்டும் என்றது. மொரோக்கோ, கினி, இந்தோனேசியா உள்ளிட்ட நாடுகள் தங்கள் வீரர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டன. அந்த வெற்றிடத்தை நிரப்ப இந்தியா ஏறக்குறைய 5,000 வீரர்களை அனுப்பியது.

பிப்ரவரியில் பாதுகாப்பு மன்றம், உள்நாட்டுப் போரைத் தடுக்கக் கடைசி வழியாகப் படைபலத்தைப் பயன்படுத்தலாம் என்று தீர்மானித்தது. செப்டம்பரில் கத்தாங்காவில் சண்டை வெடித்தது. அமைதிக்காக அனுப்பிய படை போரிடுவதைப் பார்த்துக்கொண்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்க ஹாமர்ஷோல்டால் முடியவில்லை. அவரே புறப்பட்டார்.

அவ்வாண்டின் நோபெல் அமைதிப் பரிசு, இறந்த பிறகு அவருக்கு வழங்கப்பட்டது. விமானம் தாக்கப்பட்டதா, விபத்தா என்பதற்கு 1962இல் ஐநா விசாரணை ஆணையம் முடிவான பதில் தரவில்லை. 2015 முதல் அந்தக் கேள்வி மீண்டும் ஆராயப்படுகிறது.

அவருக்குப் பின் பொறுப்பேற்ற பர்மாவின் ஊ தாண்ட் காலத்தில், 1963 ஜனவரியில் கத்தாங்காப் பிரிவினை முடிவுக்கு வந்தது. ஆனால் அதன் வீரர்கள் பலர் அங்கோலாவுக்குள் ஓடினர். 1977இலும் 1978இலும் அங்கிருந்தே கிளர்ச்சிப் படை எல்லை தாண்டி வந்து தாக்கியது. ஒருவர் மற்றவரின் எதிரிக்கு இடம் தருவதில்லை என்று இரு நாடுகளும் 1978இல் உடன்பட்ட பிறகுதான் அந்த ஊடுருவல் ஓய்ந்தது.

அண்டை நாட்டின் ஒத்துழைப்பு இல்லாமல் அமைதிப் படை மட்டும் எல்லையைக் காக்க முடியாது. ஹாமர்ஷோல்ட் கடைசியாகப் புறப்பட்ட பயணமும் எல்லைக்கு அப்பால், அந்த ஒத்துழைப்பைத் தேடித்தான். பணியில் உயிரிழக்கும் அமைதிப்படையினருக்கு ஐநா வழங்கும் பதக்கம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.