சகோதரி சுப்புலட்சுமி காட்டிய வழி

நம்ம கூட்டமைப்பு மலரில் நான் எழுத எடுத்துக்கிட்டது சகோதரி சுப்புலட்சுமி அம்மாவை. 1886-ல் மயிலாப்பூரில் பிறந்தவர். சின்ன வயசிலேயே கல்யாணம் ஆகி, சீக்கிரமே கணவரை இழந்தார். ஆனாலும் பெற்றோர் அவரை மூலையில் உட்கார வைக்காமல் படிக்க வைத்தார்கள். 1911-ல் பட்டம் வாங்கினார்.

தன்னைப் போன்ற பிள்ளைகளுக்காக எழும்பூரில் நாலே பேரோடு ஒரு இல்லம் தொடங்கினார். பிறகு அது திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸுக்குப் போனது. 1922-ல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு முதல்வரானார்.

விதவைப் பிள்ளையை வெளியே அனுப்புவதா என்று பயந்த பெற்றோரிடம் பேசுவது லேசான வேலையா? அந்த அம்மா எல்லாத்துக்கும் சண்டை பிடிக்கலை. சாப்பாடு, ஆசாரம் விஷயத்தில் வீட்டு வழக்கத்துக்கு விட்டுக்கொடுத்தார். அதனால் சீர்திருத்தக்காரர்களும் அவரைக் குறை சொன்னார்கள். ஆனால் படிப்பை மட்டும் விடவேயில்லை. அரசு இல்லத்தில் வயது கடந்த பெண்களுக்கு இடமில்லை என்றானபோது, 1927-ல் அவர்களுக்காகவே சாரதா வித்யாலயா தொடங்கினார். 1969-ல் மறைந்தார்.

பத்தாவதோடு பிள்ளையை நிறுத்திட்டு மாப்பிள்ளை பார்க்கிற வீடு நம்ம ஊரிலும் இருக்கு. அங்கே போகும்போது அவங்க மனசு நோகப் பேச வேண்டாம் அக்கா. பயம் என்னன்னு முதலில் கேட்போம். பஸ்ஸா, செலவா, ஊர்ப்பேச்சா? அதுக்கு வழி செய்வோம். ஆனால் பள்ளிக்கூடம் அனுப்பணும் என்பதில் மட்டும் இறங்கி வரக்கூடாது.