மருத்துவ அன்னை ஐடா ஸ்கடர்

பிணியைத் தீர்ப்பது மருந்து மட்டுமன்று; நோயாளியின் மனமறிந்து நடக்கும் பண்பும் ஆகும். இவ்வுண்மையை எனக்கு உணர்த்தியது ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்க்கை.

1870 டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா. பாட்டனாரும் தந்தையாரும் இங்கு மருத்துவத் தொண்டு புரிந்த அமெரிக்கர்கள். ஐடாவுக்கோ அத்தொண்டில் நாட்டமில்லை. அமெரிக்காவில் படிப்பை முடித்தபின், நோயுற்ற தாயைக் காணவே திண்டிவனம் வந்தார்.

அங்கே ஓர் இரவு மூவர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினர். ஒருவர் அந்தணர், ஒருவர் இஸ்லாமியர், மற்றவரும் உயர்குல இந்துவே. மூவர் மனைவியரும் பேறுகால வேதனையில் துடித்துக்கொண்டிருந்தனர். மருத்துவரான தந்தையை அனுப்புவதாக ஐடா சொன்னார். ஆடவர் பார்க்கலாகாது என்று மூவரும் மறுத்துத் திரும்பினர். விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர்.

இதை மூடத்தனம் என்று நகைப்போர் உண்டு. என்னால் நகைக்க முடியவில்லை. மதுரையில் வாழ்ந்த என் பாட்டி, மார்பில் தோன்றிய கட்டியை ஆண் மருத்துவரிடம் காட்டக் கூசி மாதக்கணக்கில் மறைத்தவர். செவிலி ஒருவர் திரையை இழுத்துவிட்டு, கையைப் பற்றிக்கொண்டு உடனிருந்த பிறகே இசைந்தார். உயிருக்கு ஆபத்தெனில் ஆண் மருத்துவரும் பார்க்கலாம் என்பதே மார்க்க அறிஞர் கூற்று. நபிகள் நாயகம் காலத்திலேயே, மதீனாவில் கூடாரம் அமைத்து, காயமுற்ற வீரர்களைப் பேணியவர் ருஃபைதா என்னும் பெண்மணி. ஆயினும் அச்சத்தில் இருப்பவரிடம் வாதம் எடுபடுமா?

ஐடா வாதிடவில்லை, தாமே மருத்துவராகத் துணிந்தார். 1899இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1900இல் வேலூர் வந்தார். 1902இல் 40 படுக்கைகளுடன் பெண்கள் மருத்துவமனை எழுந்தது. ஒருவர் கையால் எத்தனை பேரைக் காக்க இயலும்? ஆகவே 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். 1946இல் செவிலியர் பட்டப்படிப்பும் அங்கே தொடங்கியது. அந்நிறுவனமே இன்றைய வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி.

1960 மே மாதம், அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த கொடைக்கானலில் அவர் மறைந்தார். மணம் புரியாத அவரை மருத்துவ அன்னை என்று போற்றுவது எத்துணைப் பொருத்தம்!

மாணவத் தோழியரே! நம் வீடுகளில் இன்றும் வாய்திறவாமல் நோயை மறைக்கும் தாய்மார் இருக்கின்றனர். அவர்களைப் பழித்துப் பயனில்லை. அவர்கள் கூச்சமின்றிக் காட்டக்கூடிய ஒருத்தியாக நம்முள் சிலரேனும் ஆவோமாக!