பேனா பிடித்த பெரியவர்

தஞ்சைத் தரணியில் திருவையாற்றில் 1855-ல் பிறந்தவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். பள்ளி ஆசிரியரான அவர், 1878-ல் ஐந்து நண்பர்களுடன் சேர்ந்து, ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 80 பிரதிகள் அச்சிட்டு 'ஹிண்டு' வார ஏட்டைத் தொடங்கினார். ஆங்கிலம் அறியாத மக்களுக்காக 1882-ல் 'சுதேசமித்திரன்' கண்டார்.

1885-ல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் மகாசபையில் முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் இவரே. ஊருக்கு எழுதியதை வீட்டிலும் செய்தார். இளம் வயதில் கணவனை இழந்த மகளுக்கு 1889-ல் இதே பம்பாயில் மறுமணம் செய்து வைத்தார். உற்றார் ஒதுக்கினர், அவர் பின்வாங்கவில்லை.

1898-ல் ஹிண்டுவை விட்டு விலகி, மறு ஆண்டே சுதேசமித்திரனை நாளேடாக்கினார். 1904-ல் பாரதியாருக்கு அங்கே வேலை தந்தார். 1908-ல் ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் கைதானார். நோயால் நலிந்து 1916-ல் காலமானார்.

காலை ரயிலில் தமிழ்ப் பத்திரிகையைப் பிரிக்கும்போது அவரையும் நினைப்போம்.